கரடிக்கு வேண்டிக்கிட்ட மொட்டை

மெதுவா பண்ணுங்கண்ணே, ஒண்ணும் அவசரமில்ல. நமக்குப் பின்னாடி யாரு இருக்கா, என் பையன் மட்டும்தானே. அதோ தூண்கிட்ட, ரெண்டாவது மொட்டைச் சீட்ட கையில வச்சிகிட்டு நிக்கறான் பாருங்க, அவன்தான். பிரணவ். ஏழு வயசு. அந்த முடியப் பாத்தீங்களா, சுருட்ட சுருட்டையா... அடுத்த வெள்ளிக்கிழம ஸ்கூல்ல ஆண்டு விழா. நாடகத்துல இவன்தான் சிங்கம். முடிக்காகவே குடுத்த வேஷம்ணே. விக்கே வேணாம்னு டீச்சருக்கு அவ்ளோ சந்தோஷம். இப்ப மொட்ட சிங்கமா போய் நிக்கப் போறான். எதுக்குன்னு நெனைக்கறீங்க? ஒரு கரடிக்கு.

கரடிதான்ணே. சரியாத்தான் கேட்டீங்க. சிரிக்காதீங்க, பிளேடு ஆடுது.

நெசக் கரடி இல்ல, பொம்மக் கரடி. தகரத்துல செஞ்சது, ஜப்பான் சாமான், அறுவது வருஷமாவது இருக்கும். முதுகுல கீ. கீ குடுத்தா ரெண்டு கையாலயும் மேளம் அடிக்கும். அந்த மாதிரி பழைய பொம்மைங்க அறுபத்தி மூணு வச்சிருக்கேன் வீட்ல. வியாபாரமா? சேச்சே. நமக்கு வேல வேற. வண்டி இன்ஷூரன்ஸ்ல சர்வேயரு. இடிச்ச வண்டியப் போய்ப் பாத்து, எப்படி இடிச்சிது, யார் மேல தப்புன்னு எழுதிக் குடுக்கணும். வர்றவன் பூரா "நான் சும்மா நின்னுகிட்டுதான் சார் இருந்தேன், அவன்தான் வந்து இடிச்சான்"ம்பான். வண்டி பம்பர் நசுங்கினதப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். பொய் சொல்றவன் மூஞ்சி இருக்கே... காதுல தண்ணி போவுதுண்ணே, கொஞ்சம் தொடைச்சி விடுங்க. ஆங்.

ரெண்டு பெட்ரூம் வீடு, ராஜா அண்ணாமலைபுரத்துல. ஒரு ரூம்ல நாங்க நாலு பேரு. இன்னொண்ணுல அதுங்க. கடல் காத்து இல்லையா, தகரம் துரு பிடிச்சிரும். அதுக்காக ஒரு ஏசி போட்டேன். அவ்ளோதான் பண்ணேன். என் வைஃப் ஸ்நேஹா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், "எங்க வீட்ல புள்ளைங்களுக்கு ஃபேனு, கரடிக்கு ஏசி"ன்னு சொல்லி மானத்த வாங்கறா.

அவளுக்கு எங்க புரியப் போவுது? இதெல்லாம் வெளையாடற பொம்மையே இல்லண்ணே. அதான் விஷயமே. பெட்டிய விட்டு வெளிய எடுத்தாலே பாதி மதிப்பு போச்சு. சில பொம்மைக்கு பொம்மைய விட அட்டப்பெட்டிக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. கீ குடுத்தா ஸ்ப்ரிங்கு தேயும். பதினோரு வருஷமா அந்தக் கரடி என்கிட்ட இருக்கு, ஒரு தடவ கூட கீ குடுத்ததில்ல நான். அப்போ மேளம் அடிக்கும்னு எப்படித் தெரியும்னு கேக்கறீங்க. பெட்டி மேல படம் போட்டிருக்கே.

புள்ளைங்களுக்கும் ஒண்ணும் கொற வைக்கல. ஒரு பக்கெட் நெறைய பிளாஸ்டிக் சாமான் கெடக்கு. தொட மாட்டாங்க. கண்ணாடிக்குள்ள இருக்கறதுதான் வேணும். மேல் தட்டுல வச்சேன், ஸ்டூல் போட்டு ஏறினாங்க. ஸ்டூலத் தூக்கி பரண்ல போட்டேன். இவன் குனிஞ்சி நின்னான், தங்கச்சிக்காரி அனன்யா முதுகு மேல ஏறிட்டா. நாலு வயசுண்ணே அதுக்கு. சரின்னு பூட்டு போட்டேன். சாவிய எங்க வச்சேன்னு நான் வீடு பூரா தேடறேன், அவ கொண்டாந்து கையில குடுக்கறா.

அப்புறம்தான் எனக்கு ஒரு யோசன வந்திச்சு. ரெண்டு பேரையும் கூப்ட்டு ஒக்கார வச்சி, "இதுங்க எல்லாத்துக்கும் காச்சல்டா. யாரும் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. தொட்டீங்கன்னா அதுங்களுக்கு ஜாஸ்தியாயிடும்"னு சொன்னேன். அப்படியே நம்பிட்டாங்க. எட்டி நின்னு பாத்துட்டு, "தூங்குது பாரு"ன்னு மெதுவா பேசிகிட்டுப் போவாங்க. ஒரு வாரம் நான் ராஜாதான். இத்தன நாளா இது தோணலியேன்னு என்னையே மெச்சிகிட்டேன்.

காச்சல்னா சும்மா விடுவாங்களா? நம்ம வீட்ல ஒருத்தருக்குக் காச்சல்னா என்னென்ன பண்ணுவோம்? அது அத்தனையும் பண்ணியிருக்காங்க. ஒரு சனிக்கிழம ஆபீஸ்லேந்து வந்து ரூம் கதவத் தொறக்கறேன், விக்ஸ் வாசன மூக்கத் தூக்குது. அறுபத்தி மூணு பொம்மைக்கும் நெத்தியில விக்ஸு, அது மேல விபூதி. தவள வாயில தெர்மாமீட்டரு. ரயில் இன்ஜின் இருக்கு, ஜெர்மன்காரன் செஞ்சது, அது கூண்டுக்குள்ள ரசஞ்சாதம்ணே. பத்தியச் சாப்பாடாம். "டிரைவர் மாமா ரெண்டு வாய்தான் சாப்ட்டாருப்பா"ங்கறா அனன்யா, கவலையா.

பிரணவ் கீழ ஒக்காந்து கரடிய மடியில போட்டுகிட்டு கீ குடுக்கறான். என்னடா பண்றேன்னா, "நெஞ்சு அடிக்குதான்னு பாக்கறேன்ப்பா"ங்கறான். எண்ணி நாலு சுத்துதான் சுத்தினான். அடிச்சிதுண்ணே. தலைய இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி... சரி சரி, ஆட்டல. நீங்க பண்ணுங்க. டம் டம் டம்னு அடிச்சிது. பதினோரு வருஷமா அது அடிச்சி நான் பாத்ததே இல்ல. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிப் போச்சு. ஆனா வாய்ல என்ன வந்திச்சி? கத்தினேன். கீழ் வீட்டு மாமி மேல வந்து என்னாச்சுன்னு கேக்கற அளவுக்குக் கத்தினேன். ரெண்டும் மூலையில போய் ஒட்டிகிச்சுங்க.

இந்தப் பக்கம் ஆச்சா? அதுக்குள்ளயா? கை ரொம்ப வேகம்ணே உங்களுக்கு. கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கங்களேன். தண்ணி கிண்ணி குடிச்சிட்டு வாங்க, நான் இருக்கேன். வேணாமா. சரி.

மறுநாள் ஞாயித்துக்கிழம. ஸ்நேஹா எங்கூடப் பேசாம புள்ளைங்களக் கூட்டிகிட்டு கோட்டூர்புரத்துல அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நான் ஒண்டியா ஒக்காந்து விக்ஸ் தொடைச்சிகிட்டு இருந்தேன். சாயங்காலம் எல்லாரும் வந்தாங்க. பாத்தா, கரடி அடிக்கல. கீ பாட்டுக்கு லொடலொடன்னு சுத்துது, பிடிப்பே இல்ல. இவன் வந்து பக்கத்துல நின்னான். "நேத்து நான் கீ குடுத்தேனே, அதனாலயாப்பா?"ன்னு கேட்டான்.

நான் ஆமான்னு சொல்லலண்ணே. அத நல்லா கேட்டுக்கங்க. ம்-னு சொன்னேன். அவ்ளோதான்.

அழுதிருந்தா கூடத் தேவல. நேரா சமையக்கட்டுக்குப் போயிட்டான். எங்க வீட்ல புள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா ஸ்நேஹா மஞ்சத் துணியில ஒரு ரூபா முடிஞ்சி முருகன் படத்துக்கு முன்னாடி வச்சி வேண்டிக்குவா. அதப் பாத்து வளந்த புள்ளதானே. ஸ்கூல் கர்ச்சீப்ப மஞ்சத்தூள்ள முக்கி, அதுல காசு முடிஞ்சி, அவனே கொண்டு போய் படத்துக்கிட்ட வச்சிட்டான். என்னடா வேண்டிகிட்டேன்னு அவங்க அம்மா கேட்டா. "கரடி சரியாயிட்டா நானும் அப்பாவும் வடபழனிக்கு வந்து மொட்ட போட்டுக்கறோம்"னு சொல்லியிருக்கான். என்னைய ஏண்டா சேத்தேன்னேன். "கரடி உன்னோடது. ஒடச்சது நான். அப்போ ரெண்டு பேரும்தானேப்பா"ங்கறான்.

மயிலாப்பூர்ல கடியாரம் ரிப்பேர் பண்ற நூர் முஹம்மது பாய்கிட்ட கொண்டு போனேன். சரியாயிட்டா புள்ள எல்லாத்தையும் மறந்துடுவான், மொட்ட பேச்சும் போயிடும்னு ஒரு நெனப்பு. பாய் கரடியப் பிரிச்சாரு. ஸ்ப்ரிங்க எடுத்து வெளிச்சத்துல காட்டினாரு. "இது சின்னக் கை முறுக்கினது இல்ல சார். பெரியாளு கை. நின்ன எடத்துக்கு மேல போட்டு முறுக்கியிருக்காங்க"ன்னாரு. நான், "வீட்டுக்கு நெறைய பேரு வர்றாங்க போறாங்க பாய்"னேன். அவரு சிரிச்சிகிட்டே குனிஞ்சி வேலையப் பாத்தாரு. என்கிட்ட பம்பரக் காட்டறவனுங்க மூஞ்சி மாதிரியேதான் இருந்திருக்கும் என் மூஞ்சி.

பழைய அலாரம் கடியாரத்துலேந்து ஸ்ப்ரிங்கு எடுத்துப் போட்டாரு. கரடி பழையபடி ஜம்முனு அடிக்குது. வீட்டுக்குக் கொண்டு வந்து காட்டினேன். இவன் குதிச்சான் பாருங்க... குதிச்ச கையோட அம்மாகிட்ட ஓடி, "எப்பம்மா வடபழனி போறோம்?"னு கேக்கறான். மறக்கறதாவது.

ஸ்நேஹாகிட்ட கெஞ்சினேன். புள்ள வாயால சாமிகிட்ட சொன்னது, மாத்தக் கூடாதுன்னுட்டா. சரி, பூமுடி குடுத்துடலாம்டா, ரெண்டு சுருள் மட்டும் வெட்டிகிட்டா போதும், சாமி ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு இவன்கிட்ட சொல்லிப் பாத்தேன். "மொட்டன்னு சொன்னேன்ப்பா"ங்கறான். இன்னிக்கி ஆட்டோவுல வர்றப்ப என் தொடையப் பிடிச்சிகிட்டே வந்தான். "வலிக்குமாப்பா?"ன்னான். வலிக்காதுடான்னேன். கொஞ்ச தூரம் வந்தப்புறம், "சிங்கத்துக்கு வேற யாரையாவது போட்ருவாங்க இல்ல?"ன்னான். அதுக்கப்புறம் ரோட்டப் பாத்துகிட்டு வந்துட்டான். அவங்க அம்மாவும் தங்கச்சியும் கூட வந்திருக்காங்க, வெளிய நிக்கறாங்க.

இன்னும் எவ்ளோண்ணே இருக்கு? பின்னாடி மட்டும்தானா?

நிறுத்துங்க. ஒரு நிமிஷம் பிளேட எடுங்க.

நான்தான்ணே. அந்த ஞாயித்துக்கிழம... விக்ஸ் தொடைக்கறேன்னு எடுத்தேன், வீட்ல யாருமில்ல, அவன் கை பட்டா அடிக்குது, நம்ம கைக்கு அடிக்காதான்னு கீ குடுத்தேன். நாலு சுத்து. அடிச்சிது. இன்னொரு நாலு குடுத்தேன். ஒரு மணி நேரம்ணே, சோறு கூட சாப்பிடல. நாப்பத்தி நாலு வயசு ஆளு, லுங்கியத் தூக்கிக் கட்டிகிட்டு தரையில குப்புறப் படுத்துகிட்டு, கரடி மேளம் அடிக்க அடிக்க தனியா சிரிச்சிகிட்டு கெடந்தேன். அவ்ளோ சந்தோஷமா இருந்திச்சி. இன்னும் கொஞ்ச நேரம் அடிக்கட்டுமேன்னு ஒம்போது, பத்து, பதினொண்ணுன்னு முறுக்கினேன். டக்குனு ஒரு சத்தம். அவ்ளோதான்.

மூணு வாரமா நாளைக்குச் சொல்லிடலாம், நாளைக்குச் சொல்லிடலாம்னு... ஊர்ல எவன் வண்டி எவன் மேல இடிச்சாலும் நான் எழுதுவேன். இத மட்டும் வாயத் தொறந்து சொல்ல முடியல. வெக்கமா இருக்குண்ணே.

பண்ணுங்க. மிச்சத்தையும் எடுத்துடுங்க, எனக்கு வேணும் இது. கீழ வரைக்கும் ஒட்ட எடுங்க.

ஆச்சா. அவனக் கூப்பிடாதீங்கண்ணே. நான் கூப்பிடறேன். பிரணவ், இங்க வாடா. பலகையில ஒக்கார வேணாம், என் பக்கத்துல நில்லு. அந்தச் சீட்ட குடு. ஒனக்கு மொட்ட வேணாம்டா. வேண்டிகிட்டது தப்புன்னு சொல்லலடா, இரு, சொல்றத முழுசாக் கேளு. கரடிய ஒடச்சது நீ இல்ல. அப்பாதான். நீங்க பாட்டி வீட்டுக்குப் போனப்ப நான் கீ குடுத்தேன். ஒடஞ்சி போச்சு. நீ வந்து கேட்டப்ப நான் சொல்லல. நீ குடுத்த நாலு சுத்துல அதுக்கு ஒண்ணும் ஆகல.

என்னடா?

...ஆமாடா. வெளையாடினேன். ரொம்ப நேரம் வெளையாடினேன். பதினோரு சுத்து.

ஏன் சொல்லலன்னா... பயமா இருந்திச்சிடா. அம்மாவுக்கு இல்ல. ஒனக்குத்தான் பயந்தேன்.

முருகன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ ஒடைக்கவே இல்லல்ல, அப்போ உன்னோட வேண்டுதலே கெடையாது. ஒடச்சவன் தலதான் போயிடுச்சே, தொட்டுப் பாரு வேணும்னா. நல்லா தடவிப் பாரு. வழவழன்னு இருக்கா? சரி, சிரி.

கையத் தூக்கி அவன் தலையத் தடவிப் பாத்துக்கறான் பாருங்கண்ணே. ரெண்டு கையாலயும்... டேய், இருடா. எங்கடா ஓடறே? அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்டா, நீ சொல்லாத. பிரணவ். போச்சு. சொல்லிட்டான்.

அண்ணே, வர்றா அவ. நீங்க எங்கயும் போவாதீங்க, கொஞ்ச நேரம் இங்கயே நில்லுங்க, அந்தக் காது பக்கம் இன்னொரு தடவ எடுக்கற மாதிரி... அண்ணே? அதுக்குள்ள எங்க போனாரு?

வா ஸ்நேஹா. ஆமா, நான்தான். ஒக்காரு, எல்லாத்தையும் சொல்றேன்.