நேத்து வரைக்கும்

வைஷ்ணவிக்கு,

சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கம், ஃப்ரிஜ்ஜுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உன் அப்பா. அவருக்கு வலப்பக்கம், அடுப்படிக்கு எழுந்து போகத் தோதாக உன் அம்மா. எதிர் வரிசையில் நீ, உன்னை ஒட்டி நம் வகுப்பு அர்விந்த். மேசைக்கு நாலு நாற்காலிதான் என்பதால் பால்கனிக் கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான். எதை எழுதினாலும் யார் எங்கே இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிட வேண்டும், பிறகு பேச்சு மாறாது என்று அருப்புக்கோட்டையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பழக்கியிருந்தார்கள். உங்கள் டெல்லிப் பள்ளிகளில் கடிதமே எழுதச் சொல்வதில்லை போலிருக்கிறது.

அன்று நீங்கள் பேசிக்கொண்டிருந்தது நம் இருவரின் கட்டுரைகளைப் பற்றி. ஆயுள் காப்பீட்டுக் கணக்குப் போடும் நம் ஆக்சுவேரியல் சயின்ஸ் படிப்பின் இரண்டாம் வருடத்தில் எல்லோருக்கும் கொடுத்த வேலைதான்: தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டு, ஆயுள் அட்டவணை அவருக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று எழுத வேண்டும். நீ உன் அப்பாவை எடுத்தாய். உங்கள் மயூர் விஹார் வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்த எனக்கும் வேறு யாரைத் தெரியும்? நானும் அவரையே எடுத்தேன்.

ஆயிரம் பேரில் எத்தனை பேர் போவார்கள் என்று அட்டவணை சொல்லும், யார் போவார் என்று சொல்லாது என்று முடித்திருந்தாய். சார் முதல் வாரத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்ட வாக்கியம் அது. நீ உன் அப்பாவின் போட்டோவை மேலே ஒட்டி, நடுநடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாய். வகுப்பே கைதட்டியது. நம் வகுப்பில் பாதிப் பேர் இந்தப் படிப்புக்கு வந்தது, மாமாவோ சித்தப்பாவோ லண்டனில் வேலை கிடைக்கும் என்று சொன்னதால். அவர்களுக்குக் கண்ணீர் வந்தால் கணக்கு சரி.

நான் ஒழுங்காகச் செய்தேன். உடம்பில் குறை உள்ளவருடைய வயதோடு சில வருடங்களைக் கூட்டி, அந்த வயதுக்காரராகவே பாவிப்பது நம் தொழிலில் பழைய வழி. இதயத்தில் பொருத்திய செயற்கை வால்வு, அதற்காக ரத்தம் உறையாமல் தினமும் போடும் மாத்திரை, முன்பு பிடித்து விட்டுவிட்ட சிகரெட், எல்லாவற்றையும் சேர்த்து, அறுபதைத் தாண்டிய உன் அப்பாவை எண்பத்தொன்று என்று எடுத்துக்கொண்டேன். ஒருத்தரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். உன்னுடையதும் ஒருத்தரை வைத்துத்தான்.

இனி மேசைக்கு வருகிறேன். "பப்பா, இவன் உங்கள எயிட்டி ஒன் ஆக்கிட்டான், தெரியுமா? அப்பாவு, அந்த வேர்ட் சொல்லு யார், அர்விந்த் கேக்கட்டும். மோர்ட்டாலிட்டி!" என்றாய். நண்பா என்பதற்கு உனக்கு எப்போதும் இந்தி 'யார்'தான். என் உச்சரிப்பை நன்றாகவே பிடித்திருந்தாய். அர்விந்த் தண்ணீரைச் சிந்தினான்.

உன் அப்பா வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, "எண்பது ஆனா பென்ஷன் கூடும் தம்பி. அந்தப் பேப்பர ஒரு காப்பி குடு, ஆபீஸ்ல காட்டிப் பாக்குறேன்" என்றார்.

"சும்மா இருங்க, பிள்ளை மொகம் போற போக்கப் பாருங்க" என்றார் உன் அம்மா. ஆனால் தோசைக் கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டுதான் சொன்னார்.

நானும் சிரித்தேன். அர்விந்தைக் கேட்டுப்பார். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. உன் அப்பா நல்ல மனிதர். நான் வந்த புதிதில் சார் என்று கூப்பிட்டதற்கு, "நீ என்ன எனக்கு அப்ளிகேஷனா போடுற, மாமான்னு கூப்புடு" என்றவர். இதை எழுதுவது, ஆத்திரத்தில் செய்தவனின் கடிதமாக நீ இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

நவம்பரில் உன் அம்மா ஒரு கல்யாணத்துக்குக் காரைக்குடி போனார். நீயும் அர்விந்தும் ஏதோ போட்டிக்கு ஜெய்ப்பூர் போனீர்கள். வீட்டில் மாமாவும் நானும். அவருக்குப் போனில் பேசினால் காது கேட்காது என்பதால் சாயங்காலம் நீ எனக்குப் போன் செய்தாய். பின்னால் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள்.

"அப்பாவு, ஜல்தி சொல்றேன், சுனோ, கேளு. பப்பாவோட ப்ளட் ரிப்போர்ட் வந்துச்சு. ப்ளட் ரொம்ப தின் ஆயிடுச்சாம், தண்ணி மாதிரி. டாக்டர் சொன்னார், நேத்து வரைக்கும் அந்த மாத்திரை குடுக்கக் கூடாது. அப்புறம் இன்னொரு டெஸ்ட். தலை வலிக்குதுன்னா உடனே ஹாஸ்பிடல். அச்சா?"

"நேத்து வரைக்கும்தானே?" என்று கேட்டேன்.

"ஆமா யார், நேத்து வரைக்கும். எத்தன தடவ சொல்றது."

இந்திக்காரர்களுக்குப் போன நாளும் வருகிற நாளும் ஒரே வார்த்தை: கல். இந்தியில் அது வினையைப் பார்த்துப் புரிந்துவிடும். நீ அதைத் தமிழாக்கும்போது நேத்து, நாளைக்கு இரண்டில் எது கைக்கு வருகிறதோ அதைப் போடுவாய். "நேத்து எனக்கு எக்ஸாம் இருக்கு" என்பாய். நாங்கள் ஒரு வருடமாக அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். உன் அம்மா திருத்துவதைக்கூட விட்டுவிட்டார். உன் உச்சரிப்பை நான் ஒருநாளும் யாருக்கும் செய்துகாட்டியதில்லை.

நேற்று வரைக்கும் கூடாது என்றால், இன்று கொடுக்கலாம். தமிழ் தெரிந்த யாரிடமும் கேட்டுப்பார். நான் மாத்திரையை எடுத்து, வெந்நீரோடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"வைஷு என்னவாம்?" என்றார் மாமா.

"மாத்திரைய மறக்காமப் போடச் சொன்னாங்க, மாமா."

"பாரேன், அங்க போயும் என் நெனப்புதான் அவளுக்கு" என்று முழுங்கினார்.

மறுநாள் காலையில் அவர் சோபாவில் உட்கார்ந்து பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதே." பால்கனிக்கு வெளியே எதிர் பிளாக் தெரியாத அளவு டெல்லியின் குளிர்காலப் புகை. "ஊரெல்லாம் இதே வலிதான் மாமா, எனக்கும் இருக்கு" என்றேன். எனக்கு இல்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அவருடைய போனைச் சார்ஜில் போடுகிறேன் என்று என் அறைக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்; டம்ளரைப் பிடிக்க வலது கை வரவில்லை, இடது கையால் வாங்கினார். பேச்சு குழறத் தொடங்கியபோது உன் பெயரைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன், தெளிவாக இல்லை. நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் தனியாக இருக்கவில்லை என்பதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். கூப்பிட்டால் பதில் இல்லை என்று ஆன பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். தெளிவாக, முகவரியோடு, இந்தியில் பேசினேன்.

அத்துடன் முடிந்திருக்கும். நீதான் முடியவிடவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான், "நீ நேத்து வரைக்கும்னுதானே சொன்ன" என்று ஒரு வார்த்தை கேட்டேன். நீ சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாய். அன்றிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் தமிழ்தான் பப்பாவக் கொன்னுடுச்சு" என்கிறாய். கல்லூரியை நிறுத்திவிட்டாய். அர்விந்த் வகுப்பில் அதைச் சொல்லி அழுதான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இறந்தவருக்கு எண்பத்தொன்று என்று ஒருவன் கணக்குப் போட்டிருந்தானே என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை. அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை. நேர்மையாகப் பார்த்தால் அந்தச் சாவு என் கணக்கில் வராது. நான் கணக்குப் போட்டது தானாக நேரும் சாவுக்கு. இனி அந்தக் கணக்கு சரியா தவறா என்று தெரியவே போவதில்லை. எனக்கு உள்ள வருத்தம் அது ஒன்றுதான்.

ஆனால் நீ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. முதல் வாரப் பாடத்தை எடுத்துக் கைதட்டு வாங்கினாய், சரி. இதையும் உன்னுடையது என்கிறாய். உன் தமிழுக்கு ஓர் ஆளைக் கொல்லும் அளவுக்கெல்லாம் சக்தி கிடையாது, வைஷ்ணவி. நீ சொன்னது எனக்குச் சொன்னவுடனேயே புரிந்தது. நாளைக்கு வரைக்கும் கூடாது என்கிறாய் என்று தெரிந்துதான் திருப்பிக் கேட்டேன், நீயே உன் வாயால் இன்னொரு முறை சொல்வதற்காக. மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரியும். அந்தக் கட்டுரைக்காக அவ்வளவு படித்திருந்தேன். தலைவலி எதன் அறிகுறி என்றும் தெரியும். உன் அப்பாவைக் கொன்றது நான். நீ இனித் தூங்கலாம், கல்லூரிக்கு வரலாம். இதற்காக நீ நன்றி எழுத வேண்டியதில்லை.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது எனக்கு மறக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் நீ பிழை பார்ப்பாய். அதனால் மேல்விலாசத்தில் உன் அம்மாவின் பெயரைப் போட்டிருக்கிறேன். அவர் காரைக்குடிப் பள்ளியில் படித்தவர், நிறுத்தி நிதானமாக, சத்தமாக வாசிப்பார்.

இப்படிக்கு,
அப்பாவு

(உறையின் பின்பக்கம்)

திருமதி வள்ளியம்மை ராஜசேகரன் அவர்களுக்கு: ஒட்டிய பிறகு நினைவு வந்ததால் வெளியே எழுதுகிறேன், தபால்காரர் காத்திருக்கிறார். இதை வாசிக்கும்போது அர்விந்தையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அன்று சிரித்தவர்களில் இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்க வேண்டும்.