பெயர் எழுதாத நாற்பத்தொரு காசோலைகள்

எங்கள் ஊரில் புத்தாண்டு அன்று யாரும் கோழி சாப்பிட மாட்டோம். கோழி பின்பக்கமாகக் கிளறும். பன்றி மூக்கால் முன்பக்கமாகக் கிளறிக்கொண்டே போகும். வருஷமும் அப்படி முன்னே போகட்டும் என்று பன்றியிறைச்சியும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும்தான். தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும். நீங்களும் பென்சில்வேனியாக்காரர்தான், ஆனால் பட்டணத்து ஆள் மாதிரி தெரிகிறது, அதனால் சொல்கிறேன். அந்த விருந்தில்தான் ரஸ் கூன்ஸ் என்னிடம் முதன்முதலில் பணம் கேட்டான்.

மெர்ல் ரைனர்ட் என்ற என் பெயரை உங்கள் பத்திரிகைக்காக ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். முப்பத்தோரு வருஷமாக இந்த ஊருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். தேவாலயத்தின் துயர்துடைப்பு நிதிக்கும் நான்தான் பொருளாளர். ஒரு காசு இடம் மாறியதில்லை.

ரஸ்ஸின் மனைவி டார்லா பள்ளிப் பேருந்து ஓட்டினாள். நாற்பது வயதில் ஈரல் கெட்டுப்போனது. குடி கிடையாது, பரம்பரை வியாதி. டிசம்பரில் அவளுக்காக அதே கூடத்தில் நிதி விருந்து வைத்தார்கள். உடம்பெல்லாம் மஞ்சள் பூத்துப்போய் மேசை மேசையாக வந்தாள். "பஸ் எங்க முடியுது, நான் எங்க ஆரம்பிக்கிறேன்னு பிள்ளைங்களுக்கே புரியல" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேவாலய நிதிக்குக் காசோலைகள் நாற்பத்தொன்று வந்தன. எல்லாவற்றிலும் ஓரத்தில் 'டார்லாவுக்கு' என்று எழுதியிருந்தார்கள். சிக்கலே அதில்தான். தர்மம் செய்த தொகையை வருமானத்தில் கழித்துக்கொள்ள மத்திய அரசு விடும். ஆனால் அமைப்புக்குக் கொடுத்தால்தான். இன்ன ஆளுக்கு என்று பெயர் சொல்லிக் கொடுத்தால் அது வெறும் அன்பளிப்பு. நம் மாநில அரசுக்கு இந்த வம்பே இல்லை. ஊருக்கே அள்ளிக் கொடுத்தாலும் சரி, குடித்தே அழித்தாலும் சரி, சம்பாதித்ததில் நூற்றுக்கு மூன்று டாலர் சொச்சம் எடுத்து வை என்று சொல்லிவிடும். மாநிலப் படிவத்தில் தர்மத்துக்கு இடமே கிடையாது. எனக்கு மத்திய அரசைத்தான் பிடிக்கும். மனிதனிடம் இருக்கிற நல்ல குணத்தை அது கொஞ்சம் கவனிக்கிறது.

ஆகவே வீடு வீடாகப் போய்க் காசோலைகளை மாற்றி எழுதி வாங்கினேன். பெயர் வேண்டாம், நிதிக்கு என்று மட்டும் போடுங்கள் என்றேன். பன்றிப் பண்ணை ஹார்வி பேனாவைத் தேடிக்கொண்டே, "யோவ் மெர்ல், உன்னைப் பெட்டியில வச்சு இறக்கும்போதும் எந்திரிச்சு ரசீது கேப்பய்யா நீ" என்றான். ஆனாலும் எழுதிக் கொடுத்தான். எல்லோருமே எழுதிக் கொடுத்தார்கள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

புத்தாண்டு விருந்தில் ரஸ் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மெர்ல், ஆபரேஷனுக்குப் பிறகு மருந்துச் செலவுக்கு முப்பதாயிரம் கையில இருக்குன்னு காட்டணுமாம். அப்பத்தான் ஈரலுக்குக் காத்திருக்கிற பட்டியல்ல அவ பேரை ஏத்துவாங்களாம். பணம் சேந்திருச்சுல்ல?"

"முப்பத்தாறு சேந்திருக்கு."

"அப்ப நாளைக்கே அனுப்பிருங்களேன்."

"நிதிக் குழு கூடித் தீர்மானம் போடணும் ரஸ். மூணாவது செவ்வாக்கிழமைதான் கூட்டம்."

"அவளுக்குன்னுதானே எல்லாரும் குடுத்தாங்க?"

"அப்படிச் சொல்லாதப்பா. நீ அப்படிச் சொன்னா குடுத்தவங்க அத்தனை பேருக்கும் வரிக் கழிவு போயிரும்."

அவன் பயந்துவிட்டான். அடுத்தவருக்கு நஷ்டம் வைக்கிற குடும்பமில்லை அவர்களுடையது. "நீங்க பாத்துச் செய்வீங்க, தெரியும்" என்றான். பிறகு என் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்து, எழுந்துபோய் எனக்கு இன்னொரு கரண்டி முட்டைக்கோஸ் கொண்டுவந்து போட்டான்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை பனி கொட்டியது. பாதிப் பேர் வரவில்லை, தீர்மானம் போட ஆள் போதவில்லை. போதகர் ஆர்லீன், "போன்லயே ஒவ்வொருத்தரா கேட்டு முடிச்சிரலாமே மெர்ல்? அந்தப் பொண்ணால காத்திருக்க முடியாதே" என்றார். "விதியில இடமில்லைங்க போதகரம்மா" என்றேன். விதியில் இடம் இருந்தது, மூன்றாம் பக்கத்தில். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

பிப்ரவரி முதல் வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. இந்த நிதி டார்லா கூன்ஸுக்காகத் திரட்டப்பட்டதுதானா என்று கேட்டிருந்தார்கள். 'இந்த நிதி தனிநபர் எவருக்கும் உரியதல்ல' என்று பதில் போட்டேன். உங்கள் கையில் இருப்பது அதன் நகல். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவள் பெயர் பட்டியலில் ஏறவில்லை. பிப்ரவரிக் கூட்டத்தில், வரி தாக்கல் செய்கிற ஏப்ரல் பதினைந்து தாண்டட்டும் என்று சொன்னேன். ஒத்திவைத்தார்கள்.

டார்லா மார்ச் ஒன்பதாம் தேதி இறந்தாள். பள்ளிக்கூடத்தின் ஆறு பேருந்துகளும் விளக்கு மின்ன மின்னக் கல்லறைத் தோட்டம் வரை பின்னால் வந்தன. நான் அழுதேன். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பணத்தைக் கொடுத்திருந்தால் கழிவு போயிருக்குமா என்று கேட்கிறீர்கள். போயிருக்காது. குழு தானாக ஆராய்ந்து ஒரு நோயாளிக்குக் கொடுத்தால் சட்டம் தடுக்காது. எனக்கு அது அப்போதே தெரியும். ஆனால் தணிக்கை என்று ஒன்று வந்தால் விருந்தில் யார் என்ன சொன்னார்கள் என்று தோண்டுவார்கள். அந்த விருந்தில் நான் எழுந்து நின்று, "என் பதினெட்டாயிரம் டார்லாவுக்கு" என்று உரக்கச் சொல்லியிருந்தேன். ஊரே கைதட்டியது. டார்லா வந்து என் கன்னத்தில் முத்தமிட்டாள்.

மற்றவர்களின் கழிவைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று போன வாரம் உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் கேட்காமலே கழித்துக்கொடுக்கிற தொகையை மத்திய அரசு அந்த வருஷம்தான் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியிருந்தது. நூறு, ஐந்நூறு, ஆயிரம் என்று கொடுத்தவர்கள் அதைத் தாண்டித் தர்மக் கழிவு கேட்க வழியே இல்லை. நாற்பது பேருக்கும் கணக்கு எழுதுகிறவன் நான். அவர்கள் கதவைத் தட்டிக் காசோலையை மாற்றி வாங்கும்போதே அது எனக்குத் தெரியும். கழிவு கேட்க முடிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு மிச்சமானது நாலாயிரத்து முந்நூற்று இருபது டாலர்.

ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்கு நடுவில் என் பதிலைப் பார்த்த பிறகு ரஸ் இங்கே வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். "நானே எழுந்துபோய் உங்களுக்கு முட்டைக்கோஸ் போட்டேனே மெர்ல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

நிதியில் தேவாலயக் கூரையைச் செப்பனிட்டோம். இப்போது ஒழுகுவதில்லை. என்னைக் கல்நெஞ்சுக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். டார்லாவின் நினைவாகக் கல்லறைத் தோட்டத்துக்கு என் கைக்காசு இருநூறு டாலர் கொடுத்தேன். அவள் பெயர் போடாமல்தான் கொடுத்தேன். ரசீது இதோ இருக்கிறது.