ஒஸ்தானின் வைத்திருந்த ரசீது

விண்ணப்பங்களைக் கறுப்பு மையில்தான் நிரப்ப வேண்டும். நீல மை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது இந்தக் கலிஃபோர்னியா சன்னிவேலில் யாரோ கிளப்பிவிட்ட கதை. இருந்தாலும் நான் கறுப்பைத்தான் எடுப்பேன், எதற்கு வம்பு? எங்கள் குடியிருப்பில் முப்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. விசா நீட்டிப்பு, மாமியார் வருகை, கிரீன் கார்டு, எதுவானாலும் "சந்தானம் சாரைக் கேளு" என்பார்கள். பத்து வருடத்தில் நான் நிரப்பிய ஒரு காகிதம்கூடத் திரும்பி வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், எழிலரசி மேடம், நீங்கள் ஃபோனில் "கவனக்குறைவா நடந்திருக்குமா சார்?" என்று கேட்டீர்கள். எனக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. மூன்று நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

தமிழிலேயே எழுதித் தரலாம் என்றீர்கள். நீங்கள் வக்கீல், பாதி விஷயம் உங்களுக்கே தெரியும். ஆனால் இதை மாஸ்கோவில் இருக்கும் ஒஸ்தானினின் மகளுக்கு மொழிபெயர்த்து அனுப்பப் போகிறீர்கள் என்பதால் முழுக்க எழுதுகிறேன்.

நான் தாராபுரத்துக்காரன். எண்பத்தொன்றில் ஸ்காலர்ஷிப்பில் மாஸ்கோவுக்குப் பொறியியல் படிக்கப் போனேன். ஹாஸ்டல் பிலிம் கிளப்பில் ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு 'எடைக்கல்' என்ற படத்தைப் போட்டார்கள். கிரில் ஒஸ்தானின் எடுத்தது. சந்தையில் எடை போடும் குமாஸ்தா ஒருவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சரியாக எடை போட்டுவிடுகிறான். அவ்வளவுதான் கதை. ஒன்பது வருடம் தடை செய்து வைத்திருந்தார்கள். வெளியே வந்து பனியில் அறை திரும்பும் வழி தெரியாமல் நடந்தேன். அன்றைக்குத்தான் நானும் ஒரு நாள் சினிமாவுக்கு எழுதுவேன் என்று முடிவு செய்தேன்.

தொண்ணூறில் அவர் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தெற்கே போர் வந்தபோது ஒரு கிராமத்தில் ராணுவம் செய்ததைப் படம் பிடித்து வந்து, சபை உறுப்பினர்களைக் கூட்டிப் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு ஸ்டூடியோ அவருக்குக் கதவைச் சாத்தியது. தொண்ணூற்றேழில் அவருடைய கேமராமேனை வீட்டு மாடிப்படியில் சுட்டுப் போட்டார்கள். அடுத்தது நீ என்று இவருக்கும் கடிதம் வந்தது. தொண்ணூற்றெட்டு ஏப்ரல் பதினான்காம் தேதி ஒரு திரைப்பட விழாவுக்காக சான் பிரான்சிஸ்கோ வந்தார். மேடையில் மொழிபெயர்க்க ஆள் தேடினார்கள். நான் போனேன். விழா முடிந்ததும் என் காரில் ஏறி எங்கள் வீட்டு இரண்டாவது அறையில் தங்கிவிட்டார்.

அவருக்குத் தஞ்சம் கேட்டு விண்ணப்பிக்க ஒரு வருடம் இருந்தது. வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அனுப்ப வேண்டும், தவறினால் கதவு மூடிவிடும் என்பது சட்டம். அந்தத் தேதி எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

அந்த ஒரு வருடம் அவர் என்ன செய்தார் தெரியுமா? தயிர் சாதம் சாப்பிட்டார். எல் கமினோ சாலையில் இருக்கும் எல்லா ஓட்டல் தோசையையும் ருசி பார்த்துத் தரம் பிரித்தார். என் ஹேண்டிகேமை எடுத்துக்கொண்டு பிறந்தநாள் விழாக்களைப் படம் பிடித்தார். எங்கள் குடியிருப்புப் பிச்சுமணி வீட்டுப் பையன் கேக் வெட்டுவதை, தரையில் படுத்துக்கொண்டு, நாற்பது நிமிடம் எடுத்தார். 'எடைக்கல்' எடுத்த கை, மேடம். குழந்தைகள் "ரஷ்யன் அங்கிள், ஷூட் மீ, ஷூட் மீ" என்று பின்னாலேயே ஓடின. இவரும் சிரித்துக்கொண்டே சுற்றினார்.

"எப்போது அடுத்த படம்?" என்று கேட்டேன்.

"இனி இல்லை, சந்தானம். பயம் போய்விட்டது. பயம் இல்லாமல் எனக்குப் படம் எடுக்க வராது போலிருக்கிறது," என்றார். இதைச் சந்தோஷமாகச் சொன்னார் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ராத்திரி தூக்கம் வராமல் புரண்டேன். வேலைக்குப் போகிற வழியில் 280 ஃப்ரீவேயில் என் எக்சிட்டைத் தாண்டித் தாண்டிப் போய்விடுவேன். நான் யாரைக் காப்பாற்றுகிறேன்? இந்தக் கிழவரையா, அல்லது அந்தப் படத்தை எடுத்தவரையா? இரண்டு பேரையும் சேர்த்துக் காப்பாற்ற வழி இல்லை என்று எனக்குப் பட்டது. நிதானமாக யோசித்தால் யாருக்கும் இது விளங்கும்.

இன்னொரு விஷயமும் உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கேட்டதால் சொல்கிறேன். நான் ஒரு திரைக்கதை எழுதியிருந்தேன். ரஷ்ய மொழியில், நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஆறு வருட உழைப்பு. அவரிடம் கொடுத்தேன். தொண்ணூற்றொன்பது மார்ச்சில் திருப்பிக் கொடுத்தார். "ஒரு தப்புகூட இல்லை. நன்றாகப் பூர்த்தி செய்த விண்ணப்பம் மாதிரி இருக்கிறது," என்றார். தோளில் தட்டிவிட்டு சாம்பார் இருக்கிறதா என்று என் மனைவி ராஜலக்ஷ்மியைக் கேட்கப் போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, தபால் ஆபீஸ் போனோம். ஐந்து நாள் மிச்சம் இருந்தது. என் கையில் இரண்டு உறைகள். ஒன்று அவருடைய விண்ணப்பம், நானே கறுப்பு மையில் நிரப்பியது. இன்னொன்று எங்கள் கிரீன் கார்டின் கடைசிக் கட்ட விண்ணப்பம். அவர் காரில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக ஒரு நாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வருமான வரி அனுப்புகிற கூட்டம், வரிசை கதவு வரை நின்றது. இருபது நிமிடம் நின்றேன். கவுன்ட்டரில் ஒரு உறையை மட்டும் கொடுத்தேன். மற்றது கோட்டுக்குள் இருந்தது. காருக்கு வந்து பதிவுத் தபால் ரசீதை அவரிடம் நீட்டினேன். ஆங்கிலம் படிக்கத் தெரியாது அவருக்கு. ரசீதை முத்தமிட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஆக, அவர் பாஸ்போர்ட்டிலிருந்து அவர் மகள் எடுத்து அனுப்பி, நீங்கள் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்த அந்த ரசீது எங்கள் கிரீன் கார்டு உறைக்கு உரியதுதான். உங்கள் கண்டுபிடிப்பு சரி.

பிறகு ஒன்றும் கஷ்டமாக இல்லை. எங்கள் குடியிருப்பில் எல்லோருமே ஏதோ ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பவர்கள். மூன்று வருடம், ஐந்து வருடம். இவருக்குப் பதில் வரவில்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் ஆளுக்கு ஆள் தேற்றினார்கள். "டோன்ட் வொர்ரி அங்கிள், எங்க லேபர் சர்ட்டிஃபிகேஷனே மூணு வருஷம் பெண்டிங்," என்பார்கள். அதை நான்தான் ரஷ்யனில் அவருக்குச் சொல்வேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்வேன்.

ராஜலக்ஷ்மிதான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "ஏனுங்க, அந்த மனுஷன் தினமும் நாலு தடவ மெயில் பாக்ஸத் தொறந்து பாக்கறாருங்க. ஒரு ஃபோன் போட்டுக் கேக்கலாமில்லீங்க?"

"கேட்டாச்சு. பேக்லாகாம், எல்லாம் தேங்கிக் கெடக்காம்," என்றேன்.

பிச்சுமணியும் சொன்னார். "சான் ஹோசேல ஒரு தமிழ் லேடி லாயர் இருக்காங்க சார். இந்த மாதிரி கேஸை ஃப்ரீயாவே எடுத்துப்பாங்க. பேசிப் பாருங்களேன்." அது நீங்கள்தான், மேடம். பேசிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஒஸ்தானினிடம் சொன்னதற்கு, "நீ இருக்கும்போது எனக்கு எதற்கு வக்கீல்?" என்று சிரித்தார்.

இரண்டாயிரம் ஆகஸ்டில் எங்கள் கிரீன் கார்டு வந்தது. ராஜலக்ஷ்மி பாயசம் வைத்தாள். அவர் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு எங்களைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினார். அந்த வாரமே அவரிடம் சொன்னேன், உங்கள் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள், தானாகக் கிளம்பினால் மரியாதை, இல்லாவிட்டால் விலங்கு போட்டு விமானத்தில் ஏற்றுவார்கள் என்று. "என் வீட்டு மாடிப்படியிலும் விளக்கு கிடையாது, சந்தானம்," என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. டிக்கெட்டை நான்தான் எடுத்தேன்.

விமான நிலையத்தில் ஹேண்டிகேமைத் திருப்பித் தந்தார். உள்ளே பிச்சுமணி பையனின் அடுத்த பிறந்தநாள் இருந்தது. நான் அவர் காதில், "இப்போது பயம் வந்திருக்கிறதல்லவா, படம் எடுங்கள்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புரிந்துகொண்டாரா என்று இன்று வரை தெரியவில்லை, அதை நினைத்தால்தான் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நாள் அவர் வீட்டு மாடிப்படியின் அடியில் கிடந்தார். கால் தவறி விழுந்தார் என்று எழுதினார்கள். பத்தொன்பது நாளில் ஓர் அடி படம்கூட எடுக்கவில்லையாம். அதில் எனக்கு ஏமாற்றம்தான்.

அவர் விண்ணப்பம் இன்னும் என் கேம்ரி டிக்கியில், ஸ்டெப்னி டயருக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது. உறையை நான் பிரிக்கவில்லை. அதை நான் அனுப்பியிருந்தால் அவர் இன்று எங்கள் வீட்டில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அனுப்ப மறக்கவில்லை. வேண்டுமென்றே அனுப்பவில்லை. போனால் கொல்வார்கள் என்பதும் தெரியும், விண்ணப்பத்தில் அந்தப் பக்கத்தை நிரப்பியதே நான்தான். சினிமாவுக்காகச் செய்தேன். வேறு எதற்காகவும் இல்லை.

இதை மகளுக்கு அனுப்பும்போது பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே இன்னொரு கட்டும் வைத்திருக்கிறேன். அவள் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்ப்பதாகச் சொன்னீர்கள். என் திரைக்கதையைத் திருத்தி எழுதியிருக்கிறேன், இப்போது நூற்று நாற்பது பக்கம். கதாநாயகன் ஒரு டைரக்டர், கடைசியில் ஊர் திரும்பி இருட்டில் மாடி ஏறுகிறான். அவளைப் பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள், மேடம். இந்தத் தடவை யாரும் இதை விண்ணப்பம் மாதிரி இருக்கிறது என்று சொல்ல முடியாது.