கால் வை, தளம் வரும்

லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் போதும். பத்துத் தடவை அழுத்தினாலும் அது தன் நேரத்துக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருடமாக இதைச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது கட்டடங்கள் என் பொறுப்பு. எங்கள் குடியிருப்பும் அதில் ஒன்று, அந்த எழுத்தாளர் அம்மாள் இருந்த கட்டடமும் ஒன்று. நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன் இன்ஸ்பெக்டர் ஐயா, எனக்கு அவர் எழுத்து பிடிக்கும்.

முதலில் என் மகள்தான் படித்தாள். வயது பதிமூன்று. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். கீழ்நகரக் கதைகள் ஐந்து பாகத்தையும் கரைத்துக் குடித்திருந்தாள். நம் நகரத்துக்கு அடியில் இன்னொரு நகரம் இருக்கிறதாம். பார்சல் கொண்டு கொடுக்கும் ஒரு பெண் அங்கே போய்வருவாள். வழி லிஃப்டுதான். பெட்டி வராத நேரத்தில் கதவைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு, 'கால் வை, தளம் வரும்' என்று சொல்லி உள்ளே இறங்க வேண்டும். நம்புகிறவளுக்குத் தளம் வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் மூன்றாம் மாடியில், வாலு கால் வைத்தாள்.

எதிர்வீட்டு அக்காள் பார்த்திருக்கிறார். "கண்ணை மூடிக்கிட்டு ஏதோ முணுமுணுத்தா தம்பி. விளையாடுறான்னு நெனச்சுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பெட்டி அப்போது தரைத்தளத்தில் நின்றது. கதவு எப்படித் திறந்தது என்று என் மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவுமே கேட்பதில்லை.

வாலுவின் அலமாரியிலிருந்து புத்தகங்களை எடுத்து நான் படிக்க ஆரம்பித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் படித்தேன். ஆனால் இரண்டாம் பாகத்தில், வண்டி நிறுத்துமிடத்தில் தூங்கி வழியும் அந்தக் காவல்காரப் பேய் வந்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மகள் போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை. மூன்றாம் பாகத்தின் முடிவில் அழுதேன். நான்காம் பாகம் சுத்த ஜவ்வு, காதல் பகுதிகளைத் தள்ளிவிட்டுப் போனேன். வாலுவும் தள்ளியிருக்கிறாள், அந்தப் பக்கங்கள் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தன. புத்தகம் மோசமாக இருந்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நன்றாக இருந்ததுதான் என் வயிற்றெரிச்சலைக் கூட்டியது.

மாதாந்தரப் பராமரிப்புக்குப் போனபோது இரண்டாம் பாகத்தை அம்மாளிடம் நீட்டினேன். ஏழாம் மாடி. முகம் மலர்ந்து பேனாவை எடுத்தார்.

"யாருக்கு, உங்க பொண்ணுக்கா?"

"ஆமாம்மா. வாலுன்னே எழுதுங்க."

எழுதிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "லிஃப்ட்ல கண்ணை மூடிக்கிட்டு இறங்குற எடம் இருக்கே, நெஜமாவே ஏதாவது புள்ள அப்படிச் செஞ்சுட்டா?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "அதெல்லாம் விசாரிச்சுட்டுத்தாங்க எழுதினேன். பெட்டி வராம கதவு திறக்காதே, பூட்டு இருக்குமே. அப்படியும் திறந்துச்சுன்னா அது மெக்கானிக்கோட தப்பு. உங்களுக்குத் தெரியாததா?"

நன்றி சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

அந்த அம்மாளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் தாள்களைப் படித்துக்கொண்டேதான் வீட்டைவிட்டு இறங்குவார். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் போதும், தலை நிமிராமல் கால் வைப்பார். வாட்ச்மேனே சொல்லிக் கேலி செய்வார். ஆறாம் பாகம் அச்சில் இருந்தது. புதன்கிழமை பதினொரு மணிக்கு அவர் பதிப்பகத்துக்குக் கிளம்புவார் என்று எனக்குத் தெரியும். பத்தரைக்குப் பெட்டியைக் கீழே நிறுத்திவிட்டு ஏழாம் மாடிப் பூட்டை எடுத்துவிட்டேன். கதவைத் திறந்து கொடுத்ததும் நான்தான். "வாங்கம்மா" என்றேன். தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே "தேங்க்ஸ்ங்க" என்றார். கால் வைத்தார். மனசு குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன்.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். அது எனக்கு வசதிதான். ஆனால் காகிதத்தில் 'மெக்கானிக்கின் கவனக்குறைவு' என்று இருந்தது. அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் நானாக வந்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். தெரிந்தே கொன்றான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு மறந்துபோகிற ஆள் நான் இல்லை ஐயா. அந்த ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் மாடியில் வேலை பாதியில் இருந்தபோது, இட்ட சோறு ஆறுகிறது என்று மனைவி கூப்பிட்டாள், ஐந்து நிமிடம்தானே என்று போனேன். அந்த ஒரு தடவைதான். அதை இதில் சேர்க்காதீர்கள், அது அந்தப் புத்தகத்தால் நடந்தது.