அம்மாவுக்குச் சொன்ன அர்த்தம்

அண்ணாமலை நகரிலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு ஊர் திரும்பும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவின் மடியில் காலியான தூக்குவாளி இருந்தது.

“ஷேம்லெஸ்னா இன்னாடி?”

மகள் போனிலிருந்து நிமிர்ந்தாள். “யாரு சொன்னா?”

“நீதான். ஹாஸ்டல் வாசல்ல ஒக்காந்து உன் பிரண்டுங்களுக்கு மீன்கொழம்பு சோறு உருட்டிக் குடுத்தேன்ல, அப்ப ஒரு பொண்ணுகிட்ட ‘எங்கம்மா ஷேம்லெஸ்’னு சொன்னியே. ஷேம்னா வெக்கம். லெஸ்னா இல்லாததுதான? சீட்லெஸ் திராட்சைன்னா கொட்ட இல்லாதது மாதிரி.”

“அப்டி இல்லம்மா.” மகளின் குரல் இறங்கிவிட்டது. “பிரைஸ்லெஸ்னு ஒரு வார்த்த இருக்குது. பாத்தா வெலையே இல்லாததுன்னுதான் தோணும். ஆனா வெலை போடவே முடியாத அளவுக்கு ஒசந்ததுன்னு அர்த்தம். இதுவும் அதே மாதிரிதான். உன்ன யாராலயும் வெக்கப்பட வெக்க முடியாதுன்னு.”

“நெசமாவா?”

“ம்.”

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அப்போதே தங்கைக்குப் போன் போட்டாள். “எம் பொண்ணு பிரண்டுங்ககிட்ட என்னப் பத்திப் பெருமையா பேசுதுடி. நான் ஷேம்லெஸ்ஸாம்!”

பஸ் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்த காலேஜ் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

“மெதுவா பேசும்மா. எல்லாரும் பாக்குறாங்க.” மகளின் கண் கலங்கியிருந்தது.

“பாக்கட்டுமே,” என்றாள் அம்மா. “எனக்கின்னா வெக்கம்?”