மருந்துக்கடை ஜன்னலில் புல்வெட்டும் வண்டி நின்ற விவரம்

என் பெயர் வர்ஜில் ஸ்டிடம். த/பெ ஓர்வில் ஸ்டிடம். வயது அறுபத்தாறு. மேற்கு வர்ஜீனியா மாநிலம், டர்க்கி ஃபோர்க் பள்ளத்தாக்கில் கடைசி வீட்டில் மனைவி ஒலீட்டாவுடன் வசிக்கிறேன். தொழில், நிலக்கரிச் சுரங்கத்தில் மலையைத் தாங்கிப் பிடித்தது. ஒரு நாள் மலை என் முதுகின்மேல் உட்கார்ந்துவிட்டதால் தற்போது ஓய்வு. இதை எழுதிக்கொள்ளும் காவலர் கோடி என் மைத்துனர் மகன். ஆயினும் யாருடைய நிர்ப்பந்தமும் இல்லாமல் சொல்கிறேன்.

மேற்படி முதுகுக்கு டாக்டர் ரமோனா ஸ்பர்லாக் மார்ஃபின் மாத்திரை எழுதித் தருகிறார். அதை விழுங்கினால்தான் கட்டிலில் படுக்க முடியும். இல்லாவிட்டால் விடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். இந்த மாதிரி மாத்திரையால் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பிள்ளைகள் மண்ணுக்குள் போனதும், அதனால்தான் இத்தனை கெடுபிடி என்பதும் எனக்குத் தெரியும். நேற்றுக் காலை கைவசமிருந்த கடைசி மாத்திரையை விழுங்கினேன். அதன்பின் மருந்துக்கடைக்குப் புறப்பட்டேன். கார் இருக்கைக்கு என் முதுகு சம்மதிக்காது, புல்வெட்டும் வண்டியின் ஸ்பிரிங் இருக்கைக்கு மட்டும் சம்மதிக்கும். ஆகவே சக்கரவர்த்தி தேரேறியதுபோல் அதில் ஏறிப் போனேன். வழியில் ஓர் ஆமை என்னை முந்திச் சென்றது.

வண்டியில் இருந்தபடியே மருந்து வாங்கும் ஜன்னலில் மருந்தாளர் ட்வைலா, "டாக்டர் எழுதினது சரிதான் வர்ஜில். இன்சூரன்ஸ்காரங்கதான் இவ்வளவு குடுக்கக் கூடாதுங்குறாங்க. அவங்க அனுமதி வந்தாத்தான் தர முடியும்" என்றாள். கைக்காசு போட்டு வாங்க எனக்குக் கட்டாது.

அதன்பின் அங்கேயே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். எங்கள் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைப்பது அந்த ஜன்னலடியில் மட்டுமே. ஒரு முழம் நகர்ந்தால் அறுந்துவிடும், அறுந்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பியானோ வாசித்தார்கள். அது முடிவதற்குள் மலைகள் தேய்ந்தன, என் தாடி முழங்காலைத் தொட்டது, பின்னால் நின்ற வண்டிகளின் வால் பக்கத்து மாநிலத்துக்குள் போய்விட்டது. சேதி கேட்டு ஒலீட்டா சூடான ரொட்டியும் சாசேஜ் குழம்பும் கொண்டுவந்து வரிசைக்கே பரிமாறினாள். யாரோ பாஞ்சோவை எடுத்து அந்தப் பியானோவுக்கு ஒத்து வாசித்தார்.

அதன்பின் காவலர் கோடி வந்தார்.

"மாமா, வண்டிய எடுங்க."

"எடுத்தா லைன் கட்டாயிடும்டா."

"எடுக்கலன்னா கேஸ் போடணும்."

"போடு. உங்க லாக்கப்புல சாய்வு நாற்காலி இருக்கான்னு மட்டும் சொல்லிடு."

அந்நேரம் போனில் ஒரு பெண் வந்தாள். நோயாளி பேசிப் பயனில்லை, எழுதிய டாக்டரே கம்பெனி டாக்டரிடம் பேச வேண்டும், அவர் இப்போது லைனில் இருக்கிறார் என்றாள். நான் திகைத்திருக்கையில், வெகுநேரமாகப் பின்னால் பிளிறிக்கொண்டிருந்த நீல ஜீப்பிலிருந்து, தலைவலி மாத்திரை வாங்க வந்திருந்த டாக்டர் ஸ்பர்லாக்கே இறங்கி வந்தார்.

"எந்தக் கழுதை வழிய மறிக்குது?"

"நீங்க வைத்தியம் பாக்குற கழுதைதான் டாக்டரம்மா" என்று போனை நீட்டினேன்.

ஒரு வாரமாக அவரும் அதே பியானோவைத்தான் கேட்டுவந்தாராம். அதன்பின் அவர் வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஊசி போட்டுப் பாத்தாச்சு. உடற்பயிற்சி பண்ணிப் பாத்தாச்சு. நீங்க எதுல டாக்டர்? தோல் வியாதியா? ஐயா, இவருக்கு ஒடைஞ்சது எலும்பு. தோலு ஜோரா இருக்கு!" என்றார். அனுமதி வந்தது. ட்வைலா மாத்திரைப் புட்டியை நீட்டியபோது எழுந்த ஆரவாரத்தில் மலைக்கரடிகள் குடும்பத்தோடு வீடு மாறின. அதன்பின் வண்டியை எடுத்தேன்.

நேற்றிரவு கட்டிலில் படுத்தேன். ஒலீட்டா, "உன் குறட்டைக்கு நாற்காலியே தேவல" என்று சொல்லிவிட்டு என் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

அனுமதி ஒரு மாதத்துக்கு மட்டுமே. 'இனி வழிமறிக்க மாட்டேன்' என்று ஒரு வரி சேர்க்கும்படி காவலர் கேட்டுக்கொண்டார். பொய் வாக்குமூலம் கொடுப்பது குற்றமாகையால் மறுத்துவிட்டேன். அடுத்த மாதமும் அங்கேதான் இருப்பேன்.

படித்துக்காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது. மற்ற விஷயங்களில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். முதுகைப் பற்றிச் சொன்னதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை.

(ஒப்பம்)
வர்ஜில் ஸ்டிடம்