ராயலசீமை வெயில்

மாநில எல்லை பிரித்ததில் திருத்தணி மெட்ராசுக்குப் போய், நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்ட வருஷம் அது. நகரி பஸ் நிலையக் காபிக் கடைக்காரரும் ரேடியோ முள்ளைத் தெலுங்கு நிலையத்துக்குத் திருப்பிவிட்டார். அன்று அதில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கு ஒதுங்கியிருந்த கூட்டத்தில், எனக்கு முன்னால் இரண்டு விவசாயிகள், மாமனும் மருமகனும்.

"எங்கியோ ரெண்டு தலையோட கன்னுக்குட்டி பொறந்திருக்காம் மாமா."

"நம்மூர்ல பொறந்திருந்தா ஒரு தலைய திருத்தணிக்குக் குடுத்திருப்பானுங்க."

"நம்ம ராயலசீமையில இன்னிக்கும் மழை இல்லியாம்," என்றார் மருமகன், தோளில் ஒழுகிய நீரைத் துடைத்துக்கொண்டே.

"நாம எப்ப மாப்ள ராயலசீமைக்குப் போனோம்?"

"நாம எங்க போனோம்? அதுதான் வந்து நம்ம மேல குந்திக்கிச்சு."

"முந்தாநாளும் ரேடியோவுல இப்படித்தான் சொன்னான். அத்த நம்பி, புடுங்கின வேர்க்கடலைய வயல்லயே உட்டுட்டேன்."

"மெட்ராஸ் ஸ்டேஷன்ல மழைன்னு சொல்லிக்கினே இருந்தானே மாமா!"

"அவன் திருத்தணிக்குச் சொன்னான். நாமதான் அந்த ஜில்லா இல்லியே. பேஞ்சது மெட்ராஸ் மழை, நனைஞ்சது ஆந்திரா கடலை. எல்லாம் மொளச்சுப்போச்சு."

செய்தி முடிந்து, ரேடியோவில் ஓர் அம்மாள் தெலுங்கில் வேர்க்கடலைச் சட்னி செய்யச் சொல்லிக்கொடுத்தார். முதலில் கடலையை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைக்க வேண்டுமாம்.

கடையில் யாரோ சிரித்தார்கள். மாமன் சிரிக்கவில்லை. நனைந்த துண்டைப் பிழிந்தார்.

"எந்த வெயில்லன்னு கேளு மாப்ள. ராயலசீமையில அடிக்குதே, அதுலயா?"